மணலுக்கடியில் போகும் தண்ணீர்

ஷாலி ஆற்றில் கதவணை கட்டுகிற இடத்துக்கு சியூ பெய்லான் வந்து சேர்ந்தபோது குளிர்காலம் தொடங்கியிருந்தது. ஆற்றில் கணுக்கால் நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர். இரு கரையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் காவடித்தடியில் கூடை தொங்கவிட்டு மண் சுமந்துகொண்டிருந்தார்கள். கம்பத்துக்குக் கம்பம் செங்கொடி. எந்த வேலைப்படை எத்தனை கூடை கொட்டியது என்று ஒலிபெருக்கி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

மாகாண நீர்ப்பணித் துறையில் அவள் பொறியாளர். கணவனும் அதே துறைதான். ஒரு கூட்டத்தில், மனதில் பட்டதைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள் என்பதற்காக மனதில் பட்டதைச் சொல்லிவிட்டு, இப்போது வடமேற்கே எங்கோ ஒரு பண்ணையில் உவர் நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்தான். அதன்பிறகு பெய்லான் கூட்டங்களில் பேசுவதில்லை. கணக்கு மட்டும் போட்டாள். கணக்கு போடுகிறவளை யாரும் ஒன்றும் செய்துவிட முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஷாலி ஆற்றின் படுகை முழுக்கப் பொடிமணல். பாறையைத் தொட வேண்டுமென்றால் பூமியின் வயிற்றுக்கே போக வேண்டும். அணையின் கதவை மூடினால் மேற்புறம் தண்ணீர் உயரும். உயர்ந்த தண்ணீர் சும்மா இருக்காது. அணையின் அடித்தளத்துக்குக் கீழே மணலுக்குள் புகுந்து, வளைந்து, கீழ்ப்புறத்தில் தளம் முடிகிற ஓரத்தில் மேலே வரும். மெதுவாக வந்தால் கசிவு. வேகமாக வந்தால் மணலையும் தூக்கிக்கொண்டு வரும். மணல் போனால் தளத்துக்குக் கீழே பொந்து விழும். பொந்து விழுந்த அணை நிற்காது. அந்த ஓரத்தில் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் மேலே வரும் என்று சொல்வதுதான் பெய்லானின் வேலை.

அவள் நாணல் தட்டி வேய்ந்த குடிசையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தபோது பாங் சாய்யுன் உள்ளே வந்தாள். பெண்கள் படைக்குத் தலைவி. அணைக்குக் கீழ்ப்புறம் அழைத்தால் கேட்கிற தூரத்தில் இருக்கும் லியூஜி கிராமத்துக்காரி. எந்த இடத்தில் தோண்ட வேண்டும் என்று கேட்க வந்தவள், அடுப்புக்கருகே கையைக் காட்டியபடி படத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்ன இன்ஜினியரம்மா, நாங்க முதுகு ஒடிய மண்ணு சுமக்கறோம், நீங்க உக்காந்து முட்டை முட்டையா வரைஞ்சிட்டிருக்கீங்க?"

"முட்டை இல்லக்கா. தளத்துக்கு அடியில தண்ணி போற வழி."

"முட்டையக் கண்ணால பாத்து மாசக்கணக்காச்சு. படத்துலயாவது பாத்துக்கறேன், விடு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "மண்ணுக்குள்ள போற தண்ணி உனக்கு எப்படித் தெரியும்? எட்டிப் பாத்தியா?"

பெய்லானுக்கு யாரிடமாவது பேசி நாளாகியிருந்தது. சொல்ல ஆரம்பித்தாள்.

தளத்தின் ஓரத்தில் மரப்பலகைகளை வரிசையாக மணலுக்குள் அடித்து இறக்குவார்கள். அது நிலத்துக்குள் ஒரு சுவர்போல நிற்கும். தண்ணீர் அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி மேலே ஏறியாக வேண்டும். அந்த வளைந்த பாதையை நேரடியாகக் கணக்கிட முடியாது. ஆனால் சிக்கலெண் சார்பு என்று ஒன்று உண்டு. ஒரு பரப்பிலிருக்கிற ஒவ்வொரு புள்ளியையும் இன்னொரு பரப்பில் ஒரு புள்ளிக்குக் கொண்டுபோய் வைக்கிற விதி அது. முதல் சார்பு இருமடியாக்கி, பலகை ஆழத்தின் இருமடியைக் கூட்டி, பின் வர்க்கமூலம் எடுக்கும். அதில் போட்டதும், ஆழத்தில் இறங்கியிருந்த பலகைச் சுவர் இரண்டாகப் பிளந்து விரிந்து தரையோடு தரையாகப் படுத்துவிடும். பள்ளமில்லாத சமதரை கிடைக்கும். இரண்டாவது சார்பு அந்தத் தரையை நகர்த்தி, தேவையான அளவுக்குச் சுருக்கி வைக்கும். அதிலும் தண்ணீர் பாதி முட்டைகளாகத்தான் வளைந்து போகும். மூன்றாவது சார்பு கொசைனைத் தலைகீழாகத் திருப்பியது. தரைக்குக் கீழே உள்ள பாதிப் பரப்பு முழுவதும் ஒரு ஒடுங்கிய பட்டையாக நிமிர்ந்துவிடும். அங்கே தண்ணீருக்கு வளைவே கிடையாது. எல்லாம் நேர்கோடு. பள்ளிக்கூடப் பிள்ளைகூட வேகம் சொல்லிவிடும். பிறகு வந்த வழியே ஒவ்வொன்றாகத் திரும்பி நடந்து, உண்மையான மணலுக்கு வந்து சேர வேண்டும்.

சாய்யுன் கவனமாகக் கேட்டாள். "அப்போ மூணு தரம் பொய் சொல்லி ஒரு நிசத்தைக் கண்டுபிடிக்கிற."

"பொய் இல்லக்கா. உருவந்தான் மாறும். ரெண்டு கோடு எந்தக் கோணத்துல வெட்டிக்குதோ, எத்தனை தரம் மாத்தினாலும் அதே கோணத்துலதான் வெட்டிக்கும். அதனாலதான் தண்ணி ஏமாறாது."

"தண்ணி ஏமாறாது, சரி. அந்தப் பலகை இல்லேன்னா?"

"ஓரத்துல விடைக்கு எல்லையே இல்ல. கணக்கு அப்படியே கைய விரிச்சிடும்."

"எங்க ஊர்ப் பொதுச் சமையக்கூடம் மாதிரி," என்றாள் சாய்யுன். எழுந்து போய்விட்டாள்.

*

பலகை எட்டு மீட்டர் ஆழம் இறங்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. பெய்லான் அதைக் கட்டுமானச் செயலாளர் மெங் தெஷெங்கிடம் கொண்டுபோனாள். மெங் போர்க்களத்தில் ஒரு காதைப் பாதி இழந்தவர். பேசும்போது முழுக் காதைத் திருப்பிக்கொண்டு கேட்பார்.

"எட்டு மீட்டரா? தோழர் சியூ, இந்த ஜில்லாவுல எட்டு மீட்டர் மரம் ஏதாவது நிக்குதா, காட்டுங்க. இருந்ததெல்லாம் ஊரூரா இரும்பு உருக்கற அடுப்புக்கு விறகாப் போயாச்சு. என் வீட்டுக் கதவே போயாச்சு. என் பொண்டாட்டி கோணிய தொங்கவிட்டிருக்கா."

"எத்தனை மீட்டர் கிடைக்கும்?"

"நாலு. அதுவும் சவப்பெட்டிக்குன்னு கிழவங்க ஒளிச்சு வெச்ச பலகை. கெஞ்சி வாங்கியிருக்கேன். செத்தா பாயில சுருட்டறேன்னு வாக்கு கொடுத்திருக்கேன்."

"நாலு மீட்டர் போதாது, செயலாளரே."

"உங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் ஒரே வார்த்தையில சொல்லுவாராமே," என்றார் மெங். மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். "அணை வசந்தத்துல முடியணும்னு மேல சொல்லியாச்சு. போதாதுன்னு நான் எழுதினா, எனக்குப் பதிலா போதும்னு சொல்றவன் வந்து உக்காருவான். அவன் ரெண்டு மீட்டர்ல முடிப்பான். நாலு மீட்டர் வெச்சு என்ன செய்யலாம்னு பாருங்க."

பெய்லான் குடிசைக்குத் திரும்பி, படங்களை மறுபடியும் வரைந்தாள். சுவரை ஆழமாக்க முடியாது. ஆனால் பாதையை நீளமாக்கலாம். தளத்துக்கு மேற்புறம் ஆற்றுப்படுகையின் மேல் களிமண்ணை அரை ஆள் உயரத்துக்குக் கெட்டியாக விரித்துவிட்டால், தண்ணீர் அந்த விரிப்பின் நுனியில்தான் மணலுக்குள் நுழைய முடியும். அங்கிருந்து தளத்தின் கடைசிவரை மணலுக்குள் உரசிக்கொண்டே வந்தால் களைத்துப்போகும். கணக்கில் அது வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக வந்ததால் பலன் மெதுவாகத்தான் கூடியது. விரிப்பை நீட்டி நீட்டிப் போட்டுப் பார்த்தாள். அணைத் தளத்தைப்போல இரண்டு மடங்கு நீளம் வந்தபோது விடை எல்லைக்குள் இறங்கியது.

அன்றைக்கு அவளுக்குத் தன் படிப்பின்மேல் நெடுநாளைக்குப்பின் ஒரு மரியாதை வந்தது. மரம் இல்லாத ஊரில் மண்ணை வைத்தே செய்துவிடலாம். மண்ணுக்கு என்ன பஞ்சம்?

மெங் படத்தைப் பார்த்துத் தொடையில் தட்டினார். "மண்ணுதானே? சாய்யுன் படை இருக்கு."

*

மண்ணுக்குப் பஞ்சம் இல்லை. நல்ல களிமண்ணுக்குப் பஞ்சம். அது கிழக்கே ஒரு வறண்ட குளத்தின் அடியில்தான் இருந்தது. போய் வருவதற்குள் கூடை தூக்குகிற பெண்ணின் வாயிலிருந்து புகைபோல மூச்சு வரும். மேல்மண் உறைந்து கல்லாகிக் கிடந்தது. கடப்பாறை போட்டால் நெருப்புப் பொறி பறந்தது. உறைந்த கட்டியை அப்படியே போட்டால் பனி உருகும்போது உள்ளே ஓட்டை விழும். அதனால் உடைத்து, பொடித்து, விரித்து, திமிசுக்கல்லால் இடித்து இறுக்க வேண்டும். எட்டுப் பெண்கள் கயிறு பிடித்துக் கல்லைத் தூக்கி விடுவார்கள். முதல் வாரங்களில் இடிக்கும்போது பாடினார்கள். பிறகு பாட்டுக்கு மூச்சு போதவில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் சமையல்கூடக் கஞ்சி தண்ணீராகத் தொடங்கியது. முதலில் வற்றல் சர்க்கரைவள்ளித் துண்டுகள் மிதந்தன. அப்புறம் அதன் கொடி. அப்புறம் எல்ம் மரப்பட்டையை இடித்த மாவு. பெண்கள் சிலருக்குக் கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு ஒன்று மட்டும் மாறவில்லை: அன்றைய பங்கை முடிக்காத படைக்கு மாலைக் கஞ்சி கிடையாது. பங்கு முடிந்ததா என்று சொல்ல வேண்டியவள் பொறியாளர்.

ஒரு மாலை பெய்லான் அன்றைக்குப் போட்ட விரிப்பின் மேல் நடந்து, கையிலிருந்த இரும்புக்கம்பியை அங்கங்கே குத்திப் பார்த்தாள். நடுப்பகுதியில் கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. இன்னும் இரண்டு இடத்தில் குத்தினாள். மேலே ஒரு சாண் களிமண். அதற்குக் கீழே ஆற்றோரத்தில் அள்ளிய வண்டல்.

சாய்யுன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதை எப்போ போட்டீங்க?" என்று கேட்டாள் பெய்லான்.

"தெரிஞ்சுதானே கேக்கற."

"அக்கா, இது சல்லடை. தண்ணி நிக்காது."

"குளத்துக்கு இன்னிக்கு நாலு பேர் போகும்போதே விழுந்துட்டாங்க. ஒருத்தி இன்னும் எந்திரிக்கல. அவ்வளவு தூரம் நடக்க யாருக்கும் காலு இல்ல தங்கச்சி. வண்டல் பக்கத்துல இருந்தது. போட்டோம்." அவள் குரலில் கெஞ்சல் இல்லை. "நீ இதை ஒத்துக்கலேன்னா இன்னிக்குக் கஞ்சி இல்ல. நாளைக்கு இதைத் தோண்டி எடுக்கணும். தோண்ட அங்க உக்காந்திருக்கறவங்கள்ல பாதிப் பேர் இருக்க மாட்டாங்க. நீயே பாரு."

பெய்லான் திரும்பிப் பார்த்தாள். பெண்கள் கூடைகளைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. சமையல்கூடத்துத் திசையில் முகத்தை வைத்திருந்தார்கள்.

நடுவில் ஓட்டை விழுந்த விரிப்பு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். ஓட்டைக்கு மேற்புறம் உள்ளதெல்லாம் கணக்கில் இல்லாத மாதிரி. தண்ணீர் அங்கே நுழைந்துவிடும், பாதை பாதியாகிவிடும். ஆனால் அவளுக்கு இன்னொன்றும் தெரியும். ஷாலி ஆறு கலங்கலாக ஓடுகிற ஆறு. முதல் வெள்ளத்தின் சேறு படிந்து அந்த ஓட்டையை அதுவே அடைத்துவிடலாம். அடைத்த ஆறுகள் உண்டு. வசந்தத்தில், தண்ணீர் தேக்குவதற்கு முன், அந்தப் பகுதியை மட்டும் தோண்டி மறுபடி போடலாம். இரண்டும் பொய்யான நினைப்பு அல்ல. அதனால்தான் பற்றிக்கொள்ள முடிந்தது.

"முடிஞ்சதுன்னு சொல்லிடறேன்," என்றாள்.

சாய்யுன் போகும்போது தன் தலைத்துணியை அவிழ்த்துப் பெய்லானின் கழுத்தில் சுற்றிவிட்டுப் போனாள்.

*

வசந்தத்தில் அவள் மெங்கிடம் நடந்ததைச் சொல்லி, அந்தப் பகுதியை மறுபடி தோண்ட அனுமதி கேட்டாள். மெங் அப்போதுதான் ஜில்லாக் கூட்டத்திலிருந்து திரும்பியிருந்தார். "நேத்தே கதவ மூடச் சொல்லிட்டாங்க. எங்கயும் வறட்சி. ஒரு சொட்டு விடாமத் தேக்கணுமாம். இப்போ போய் விரிப்பைத் தோண்டறேன்னா, ஏன் தோண்டறேன்னு கேப்பான். என்ன சொல்லட்டும்? சாய்யுன் படை ஏமாத்திடுச்சுன்னா? ஏமாத்தினவங்கள என்ன செய்வாங்கன்னு உங்களுக்குத் தெரியும். ஒத்துக்கிட்ட உங்கள என்ன செய்வாங்கன்னும் தெரியும்."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"நான் நினைக்கறதில்ல தோழர். நினைச்சா வயித்தெரிச்சல்தான்."

செங்கொடி கட்டி, பறை கொட்டி அணைக்குத் திறப்பு விழா நடத்தினார்கள். மாகாணச் செய்தித்தாளில் படம் வந்தது. முன்மாதிரி அணை என்று எழுதியிருந்தது. வாரக்கணக்கில் மழை இல்லை. தண்ணீர் கொஞ்சமாகத்தான் சேர்ந்தது. பெய்லான் தினமும் கீழ்ப்புற ஓரத்தைப் போய்ப் பார்த்தாள். மணல் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு மீட்டர் உயர்ந்தது. இரண்டு மீட்டர் உயர்ந்தது. மணல் ஈரமாகவே இருந்தது. சேறு அடைத்துவிட்டது என்று அவள் நம்பத் தொடங்கினாள். நம்பிக்கை வந்ததும் தூக்கமும் வந்தது.

சாய்யுனின் மகள் சியாவ்மான் சில நாள் தாயோடு அணைப்பக்கம் வருவாள். எட்டு வயது, ஐந்து வயதுபோல இருப்பாள். கரையோரம் கீரை பறித்து வாயில் போட்டுக்கொண்டே நடப்பாள். "எனக்கு அந்த முட்டைப் படம் குடு," என்று ஒருநாள் கேட்டு ஒரு படத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

ஆறாவது மாதம் முடிகிற சமயம் மலைப்பக்கம் மழை கொட்டியது. இங்கே ஒரு துளி விழவில்லை. ஆறு மட்டும் மஞ்சளாக, நுரையோடு வந்தது. நீர்மட்டம் கோடு கோடாக ஏறியது. மெங் ஜில்லாவுக்குத் தொலைபேசியில் பேசினார். கதவைத் திறக்கக் கூடாது, கீழ்நிலங்கள் காய்ந்து கிடக்கின்றன, இந்தத் தண்ணீர் போனால் வேறு தண்ணீர் இல்லை என்று பதில் வந்தது.

மறுநாள் விடிந்ததும் பெய்லான் கீழ்ப்புற ஓரத்துக்குப் போனாள். தளம் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னக் குழிக்குள் மணல் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. கஞ்சிப்பானை கொதிப்பதுபோல இருந்தது. குழியைச் சுற்றி மணல் வட்டமாகக் குவிந்து, எறும்புப்புற்று மாதிரி உயர்ந்திருந்தது. கணக்கில் மூன்று முறை உருவம் மாறி, மூன்று முறை திரும்பி வந்து அவள் விரல் வைத்த அதே ஓரம்.

அவள் ஓடிப்போய் மெங்கை எழுப்பினாள். ஒலிபெருக்கி படைகளைக் கூப்பிட்டது. முதலில் வந்தது சாய்யுனின் பெண்கள்தான். ஆளுக்கொரு கூடைக் களிமண்ணோடு வந்தார்கள்.

"களிமண் வேண்டாம்," என்று பெய்லான் கத்தினாள். "அடைச்சா வேற எடத்துல பொத்துக்கும். தண்ணி வரட்டும், மணல் வரக் கூடாது. பொடிக்கல்லு போடுங்க, அது மேல பெரிய கல்லு."

அவர்கள் அவள் சொன்னபடியே செய்தார்கள். கல்லைக் கொட்டிக் கொட்டி ஒரு கிணற்று வளையம்போலக் கட்டினார்கள். அதற்குள் கலங்கிய தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. முற்பகலில் கண்ணாடிபோல ஆகிவிட்டது. கை விட்டுப் பார்த்தாள் பெய்லான். ஒரு மணல்கூட ஒட்டவில்லை.

சாய்யுன் இடுப்பில் கையை ஊன்றி நின்று மூச்சு வாங்கினாள். "தங்கச்சி, நேராக் கேக்கறேன். ஊருக்குப் போயி பிள்ளையையும் வீட்டுக் கிழவியையும் மேட்டுக்கு ஏத்தட்டுமா? இல்ல இது நிக்குமா?"

பெய்லான் தண்ணீரைப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. இத்தனை பேர் இங்கே வேண்டும். சாய்யுன் போனால் பாதிப் படை அவள் பின்னால் போய்விடும். போனால் வளையம் நிற்காது. இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னாளா, அல்லது தெளிந்த தண்ணீரைப் பார்த்த மகிழ்ச்சியில் சொன்னாளா என்று பிற்பாடு அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"நிக்கும்க்கா," என்றாள்.

சாய்யுன் கூடையை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லுக்குப் போனாள்.

நண்பகலுக்குச் சற்று முன் இன்னொரு இடத்தில் மணல் கொதித்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒன்றைச் சுற்றிக் கட்டுவதற்குள் மூன்று புதிதாகத் திறந்தன. பெய்லான் மெங்கிடம் ஓடினாள். "கதவத் திறங்க. மேல தண்ணி குறைஞ்சாத்தான் அழுத்தம் குறையும். வேற வழி இல்ல."

மெங் தொலைபேசியைப் பார்த்தார். எடுக்கவில்லை. நேராகக் கதவு மேடைக்குப் போய் ஆட்களை அழைத்து, தானும் சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றினார். ஒரு கதவு முழங்கால் உயரம் எழுந்தது. தண்ணீர் வெள்ளைச் சுவராகப் பாய்ந்தது. இரண்டாவது கதவு பாதியில் சிக்கி நின்றுவிட்டது; தூண் சாய்ந்திருந்ததால் சிக்கியது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

"எல்லாரும் கரைக்கு ஏறுங்க," என்று மெங் ஒலிபெருக்கியில் சொன்னார். குரலை உயர்த்தக்கூட இல்லை. "கூடையப் போட்டுட்டு ஏறுங்க. லியூஜிக்காரங்க ஊருக்கு ஓடுங்க."

சாய்யுன் ஓடினாள். கரைமேல் அவள் ஓடுவதைப் பெய்லான் பார்த்தாள். வீங்கிய காலோடு ஓடினாள்; விழுந்தாள்; எழுந்து ஓடினாள். அவள் பாதி தூரம் போவதற்குள் அணைத்தளம் நடுவில் தொய்ந்தது. இடிகிற சத்தம் பெரிதாக இல்லை. உள்ளே காலியான ஒன்று உட்காருகிற சத்தம்தான் கேட்டது. பிறகு ஆறு அந்த வழியே மொத்தமாகப் போயிற்று. லியூஜியின் கூரைகள் வரிசையாகச் சாய்வது கரையிலிருந்து தெரிந்தது.

சாய்யுன் கரையிலேயே நின்றுவிட்டாள். அதனால் அவள் பிழைத்தாள்.

*

விசாரணைக்கு வந்தவர்கள் ஜில்லா அலுவலகத்து அறையில் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார்கள். பெய்லான் ஒன்றும் மறைக்கவில்லை. பலகை நான்கு மீட்டர்தான் என்றாள். விரிப்பின் நடுவில் வண்டல் என்று தெரிந்தே ஒத்துக்கொண்டேன் என்றாள். நிற்கும் என்று சொன்னதும் நான்தான் என்றாள்.

மூத்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "தோழர் சியூ, உங்க கணக்க நிபுணர்கள் பாத்தாச்சு. கணக்கு சரி. இது முன்மாதிரி அணை. எப்பவும் வராத வெள்ளம் வந்தது. இயற்கைச் சீற்றம்."

"மலையில மழை. இங்க துளி விழல. வெள்ளம் கரையத் தாண்டவே இல்ல."

"எப்பவும் வராத வெள்ளம்," என்று அவர் மறுபடி சொன்னார். "அதோட, மேலிடத்து உத்தரவை மீறிக் கதவைத் திறந்ததுல தண்ணி தளத்தை அறுத்திருக்கு. அதுக்குப் பொறுப்பானவர் ஒத்துக்கிட்டார்."

"செயலாளர் மெங் செஞ்சதுதான் அன்னிக்கு நடந்ததுலயே ஒரே சரியான காரியம்."

"நீங்க களைச்சுப்போயிருக்கீங்க. போய் ஓய்வெடுங்க."

மெங்கை அவள் ஒரே ஒரு முறை பார்த்தாள். லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முழுக் காதை அவள் பக்கம் திருப்பினார், ஏதாவது சொல்லுவாள் என்று. "விடுங்க," என்றார் மெங். "பாய்கூட மிஞ்சல அந்தக் கிழவங்களுக்கு."

சாய்யுனை அவள் தேடிப் போனது இலையுதிர்காலத்தில். லியூஜியில் பிழைத்தவர்கள் மேட்டில் நாணல் கொட்டகைகளில் இருந்தார்கள். சியாவ்மானைக் கண்டெடுக்கவில்லை. கிழவியின் உடலைக் கண்டெடுத்திருந்தார்கள். சாய்யுன் ஒரு துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மேற்கே போகிற ரயிலில் ஏறிவிட்டால் எங்கேயாவது சோறு இருக்கும் என்று சில பெண்கள் சேர்ந்து புறப்படுகிறார்கள் என்றாள். ஊரைவிட்டுப் போக அனுமதி இல்லை, தடுப்பார்கள், ஆனாலும் போவோம் என்றாள்.

மன்னிப்புக் கேட்க வந்த பெய்லான், மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தாள்.

சாய்யுனே பேசினாள். முடிச்சை இறுக்கிக்கொண்டே பேசினாள். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கோவத்துல இல்ல. தெரிஞ்சுக்கறதுக்காக."

"கேளுக்கா."

"அன்னிக்கு நீ ஒத்துக்காம இருந்திருந்தா அணை நின்னிருக்குமா?"

"நின்னிருக்கலாம்."

"எங்க ஆளுங்க?"

பெய்லான் குனிந்து சாய்யுனின் வீங்கிய காலைப் பார்த்தாள்.

"சரி. நீ கணக்கு போடறவ. எல்லா வழியும் போட்டுப் பாத்திருப்ப. அந்தக் கஞ்சியும் குடிச்சு, அணையும் நின்னு, பிள்ளையும் இருக்கற மாதிரி ஒரு வழி இருந்துச்சா? எங்கயாவது? நாம பாக்காம விட்டது?"

பெய்லான் போட்டுப் பார்த்திருந்தாள். கோடை முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பலகையின் ஆழத்தை மாற்றி, விரிப்பின் நீளத்தை மாற்றி, நீர்மட்டத்தை மாற்றி, ஓட்டையை இங்கும் அங்கும் நகர்த்தி. ஒவ்வொரு தரமும் மண்ணையும் தண்ணீரையும் விரித்து நிமிர்த்தி நேர்கோடாக்கி மறுபடி வளைத்துக் கொண்டுவந்தாள். இருந்த மரம், இருந்த மண், இருந்த கஞ்சி, வந்த உத்தரவு, இவற்றை வைத்து எதுவும் கரையேறவில்லை.

"இல்லக்கா," என்றாள்.

சாய்யுன் தலையை ஆட்டினாள். ஆறுதல்பட்டவள்போலவும் தெரியவில்லை, அடிபட்டவள்போலவும் தெரியவில்லை. கடையில் ஒரு பொருள் தீர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டவள்போல இருந்தாள். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெளியே காத்திருந்த பெண்களோடு சேர்ந்து ரயில்பாதை இருக்கிற பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பாள் என்று பெய்லானும் எதிர்பார்க்கவில்லை.

மேற்கிலிருந்து அவர்களைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. குளிர்காலம் தொடங்குவதற்குள் பெய்லானை வேறு ஆற்றுக்கு மாற்றினார்கள். அங்கேயும் படுகை முழுக்கப் பொடிமணல்தான். போய்ச் சேர்ந்த அன்று அவளுக்கு மேசையும் விளக்கும் கொடுத்து, அணை வசந்தத்தில் முடிய வேண்டும் என்றார்கள். அவள் சரி என்றாள்.